இடது கன்னம் விடுப்பில்

ஜனவரி 12

மாத்திரை மாளிகையின் மகாராணியும், என் அக்கா பெற்ற ஒரே அதிசயமுமான வாண்டுக்கு,

உன் தாய்மாமனும், ஏலக் கூடத்துச் சிங்கமும், உடைந்த நாற்காலிகளின் காவலனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, அவளுடைய தையல் எந்திரம் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மருந்துக் கடை வரிசையில் நிற்கும் நோயாளிகளும் சௌக்கியமா? வேண்டாம், நோயாளிகள் சௌக்கியமாகிவிட்டால் உனக்குச் சம்பளம் ஏது? அவர்கள் சுமாராக இருக்கட்டும்.

போன வாரம் ஒரு கால் இல்லாத கட்டில் ஏலத்துக்கு வந்தது. "மன்னர் படுத்து மூன்று யுத்தங்களுக்குத் திட்டம் போட்ட கட்டில் இது. நாலாவது யுத்தத்தில் கட்டிலே கலந்துகொண்டு காலை இழந்தது" என்றேன். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டிலை வாங்கியவன் என்னை இன்னும் கும்பிடுகிறான்.

இனி முக்கியச் செய்தி. நேற்றுக் காலை பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தால், தண்ணீர் இடப்பக்கமாக வெளிநடப்பு செய்தது. கண்ணாடியில் பார்த்தேன். என் முகத்தின் இடது பாதி முன்னறிவிப்பு இல்லாமல் விடுப்பில் போயிருக்கிறது! புருவம் படுத்துவிட்டது. கண் மூட மாட்டேன் என்று போராட்டம். உதடு தொங்கித் தரையைத் தொட்டதில் உன் அத்தை தடுக்கி விழுந்தாள். "எங்க, சிரிங்க பாக்கலாம்" என்றாள். சிரித்தேன். வலது கன்னம் சிரித்தது, இடது கன்னம் "என்ன விசேஷம்?" என்று பார்த்துக்கொண்டிருந்தது.

உன் முத்திரை இல்லாமல் எந்த மாத்திரையும் என் தொண்டைக் கோட்டைக்குள் நுழையாது என்பது உலகறிந்த சட்டம். ஆகவே ஆணையிடு மகாராணி. விடுப்பில் போனவனைத் திரும்ப அழைக்க உன் ராஜ்யத்தில் மருந்து உண்டா?

பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும், அதுவும் ஒரு கண்ணைக் கூட மூடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் மாமன்


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

வாண்டு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? கடையில் வருஷக் கணக்கு எடுத்தோம், அலமாரி அலமாரியாக இறக்கி ஏற்றினோம், அதனால்தான் தாமதம்.

மாமா, போன வருஷம் காதில் காளான் முளைத்துவிட்டது, அத்தை அதைப் பறித்துப் பொரித்துவிட்டாள் என்று எழுதினீர்கள். பாதி நம்பி நான் எங்கள் பெரிய மருந்தாளரிடம் போய் "காதில் பூஞ்சைக்கு என்ன கொடுக்கலாம்?" என்று கேட்க, கடை மொத்தமும் இன்றுவரை என்னைக் "காளான்" என்றுதான் கூப்பிடுகிறது. இந்தத் தடவை ஏமாற நான் தயாரில்லை.

மகாராணியின் ஆணை இதோ: விடுப்பில் போன கன்னத்துக்குச் சம்பளத்தைப் பிடியுங்கள். காலை ஒரு பொய், மாலை ஒரு பொய் மட்டும், சாப்பாட்டுக்குப் பின். ஒரு மாதத்தில் முகம் தானாக நேராகிவிடும்.

அத்தையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்,
வாண்டு


ஜனவரி 30

கண்ணுக்கு அத்தை எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு முட்டி பரவாயில்லை.

எனக்கு உங்கள் இருவரையும் போல எழுத வராது. விஷயத்தை மட்டும் சொல்கிறேன். உன் மாமா எழுதியது பொய் இல்லை. நான் தடுக்கி விழுந்தது மட்டும்தான் பொய். இடது பக்கம் அசையவே இல்லை. சோறு கன்னத்துக்குள் தங்கிவிடுகிறது, விரலை விட்டு எடுக்கிறார். தூங்கும்போது கண் திறந்தே இருக்கிறது. காயத்துக்கு ஒட்டும் டேப் ஒன்றை மருந்துக் கடையில் வாங்கி இமையை ஒட்டிவிடுகிறேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "அவ சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று உன் பதிலுக்காக உட்கார்ந்துவிட்டார். "போன் போட்டுக் கேட்டா என்ன?" என்றேன். "வாய் குழறுது. அவ பயந்துடுவா" என்று போனைத் தொட விடவில்லை. உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு, "பாத்தியா எப்படி எழுதறான்னு!" என்று சிரித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார், சாப்பிட வரவில்லை.

நேற்று நானே இழுத்துக்கொண்டு போனேன். மூளையில் ஒன்றும் இல்லையாம், முகத்து நரம்பு வீங்கியிருக்கிறதாம். "முதல் மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கும். ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். பலருக்குத் தானாகவே சரியாகிவிடுமாம், இவருக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாதாம்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் இல்லையா. கண்ணுக்கு என்ன போடலாம் என்று எழுது.

அத்தை


பிப்ரவரி 6

மாமா,

நாலு தடவை போன் செய்துவிட்டேன். நாலு தடவையும் "வெளிய போயிருக்கார்மா" என்கிறாள் அத்தை. பின்னால் நீங்கள் இருமுவது எனக்குக் கேட்கிறது.

கண்தான் முதல் காரியம். பகலில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பு, அதன் மேல் டேப். பெயர்களைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். விழி காய்ந்தால் புண்ணாகிவிடும். விளையாட்டு இல்லை. வெளியே போனால் கண்ணாடி போடுங்கள்.

நான் தினமும் அந்த மாத்திரையைத்தான் மாமா எடுத்துக் கொடுக்கிறேன். வாய் கோணி வருகிறவர்களை வரிசையில் பின்னால் நிற்க விடாமல் நானே முன்னால் கூப்பிட்டுக் கொடுக்கிறேன். ஒரு வரி, ஒரே ஒரு வரி நேராக எழுதியிருக்கக் கூடாதா?

என் போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

வாண்டு


பிப்ரவரி 15

கோபக்கார மகாராணிக்கு, பாதி முகத்துடன் முழு வணக்கம்!

நலம். நீ நலமா? எதற்கு இந்தப் பதற்றம்? உன் அத்தை ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்வதில் பேர்போனவள் என்பது உனக்குத் தெரியாதா? நான் ஒருவன்தான் இந்த வீட்டில் அளந்து பேசுகிறவன். மாத்திரையா? இரண்டாம் நாளே அவளுக்குத் தெரியாமல் வேறொரு டாக்டரிடம் போய் வாங்கி விழுங்கிவிட்டேன். இதை அவளிடம் சொல்லாதே, கோபித்துக்கொள்வாள். உன் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். எங்கே வைத்தேன் என்றே ஞாபகம் இல்லை, போ.

போன் விஷயம்: எனக்கும் அந்தக் கருவிக்கும் சிறு மனக்கசப்பு. சமாதானப் பேச்சு நடக்கிறது.

இப்போது கேள், உன் மாமனின் வீர சாகசத்தை. ஊசி வைத்தியத்துக்குப் போகிறேன்! மருந்து ஏற்றும் ஊசி இல்லை, வெறும் ஊசி, முடியைவிட மெல்லிசு. மாவு மில்லுக்கு மாடியில் ஓர் அறை. கீழே எந்திரம் ஓட, மேலே கட்டில், கட்டிலோடு நான், என்னோடு ஊசிகள் எல்லாம் சேர்ந்து நடுங்குவோம். ஊசியம்மா, நான் வைத்த பேர்தான், சிரிக்காத முகம். புருவத்தில் ஒன்று, கன்னத்தில், உதட்டோரத்தில், தாடையில் என்று குத்திக்கொண்டே போனாள். என் முகம் உன் அத்தையின் குண்டூசித் தலையணை ஆகிவிட்டது. அது போதாதென்று கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கையிலும் ஒன்று! "அம்மா, கூரை ஒழுகுதுன்னு கூப்பிட்டா நீங்க வாசக்கதவைத் தட்டறீங்களே?" என்றேன். "பேசாதீங்க, ஊசி விழுந்துடும்" என்றாள். என்னை, ஏலக் கூடத்துச் சிங்கத்தை, பேசாதே என்ற முதல் மனித உயிர் அவள்தான்.

ஊசி குத்தினால் எனக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள். "எறும்பா? யானை ஊர்வலம் போகுது!" என்றேன்.

"சரியாகிடுமா?" என்று உன் அத்தை கேட்டாள். "சொல்ல மாட்டேன். சிலருக்கு நல்லா இருக்கு, சிலருக்கு ஒண்ணும் தெரியறதில்ல. டாக்டரை விட்டுடாதீங்க. கண்ணு மருந்தை நிறுத்தினா இங்க வராதீங்க" என்றாள். எப்படி இருக்கிறது வியாபாரம்! இவள் ஏலம் விட்டால் ஒரு ஸ்பூன் கூட விலை போகாது.

ஊசிகளின் அரசன்,
உன் மாமன்


மார்ச் 28

மௌன விரத மகாராணிக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது நான் அவரைப் பார்க்கும் பார்வைக்குப் பயந்து வேறு தெரு வழியாகப் போகிறார். நீ சௌக்கியம்தானே? சாப்பிடுகிறாயா?

இங்கே எல்லாம் அமர்க்களம். மேடை ஏறவில்லை, அவ்வளவுதான். உதட்டைச் சேர்க்க முடியாமல் 'ப'வும் 'ம'வும் காற்றாகப் போகின்றன. எனக்குப் பதிலாகக் கணக்கர் ஏலம் விடுகிறார். கேட்கவே காது கூசுகிறது. "கட்டில். பழசு. ஒரு கால் இல்ல. யாருக்கு வேணும்?" உண்மையை இப்படியா அம்மணமாகத் தெருவில் நிறுத்துவது? முதலாளி நல்லவர். "மெதுவா வாங்க, உங்க இடம் எங்கயும் போகாது" என்கிறார். சொல்லும்போது என் வலது கன்னத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

ஊசிக்கு வாரம் இருமுறை போகிறேன். இந்த வாரம் உதட்டோரத்து ஊசி லேசாகச் சுருக்கென்றது. சத்தியமாக. யானை இல்லை, எறும்புதான். அரை எறும்பு.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மாமன்


ஏப்ரல் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. லீவு கேட்டுப் பார்த்தேன், ஆள் இல்லை என்கிறார்கள்.

ஊசியைப் பற்றி இங்கே இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன், கிடைத்ததையும் படித்தேன். உதவலாம் என்று சிலர் சொல்கிறார்கள், உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று சிலர் சொல்கிறார்கள். அதனால் போங்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. உங்கள் ஊசியம்மா சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட எனக்குத் தெரியவில்லை மாமா. இத்தனை வருஷம் படித்து இங்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஊசி சுத்தமானதா, புதிதாகப் பிரிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாம் நாளே மாத்திரை சாப்பிட்டதாக எழுதினீர்கள். என்ன நிறம்? முதலில் எத்தனை, பிறகு எப்படிக் குறைத்துக்கொண்டு வந்தார்கள்? சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். எழுதுங்கள்.

அரை எறும்பு என்றீர்களே. அதைப் பலமுறை படித்தேன்.

வாண்டு


ஜூன் 20

மகாராணி! தோரணம் கட்டு! முரசு அறை!

நலம், பரம நலம், உலகம் தாங்காத நலம். விடுப்பில் போனவன் திரும்பிவிட்டான்! போன மாதம் கண்ணாடி முன்னால் நின்று, உன் அத்தை விளக்கு பிடிக்க, வாயை இளித்தேன். இடது ஓரம் ஒரு நூல் அசைந்தது. ஒரு நூல்! உன் அத்தை விளக்கைக் கீழே போட்டாள். இந்த வாரம் கன்னத்தை உப்பி ஊதினேன், மூன்று தெருவுக்கு அப்பால் காய்ந்துகொண்டிருந்த துணிகள் பறந்துவிட்டன. கண் முக்கால்வாசி மூடுகிறது. 'ப' வந்துவிட்டது. 'ம' வந்துவிட்டது. 'பம்மாத்து' என்று முழுதாகச் சொன்னேன். முதலில் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்றாள் உன் அத்தை.

"ஊசியாலயா, இல்ல நாளாக நாளாகத் தானா வந்துச்சா?" என்று ஊசியம்மாவைக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு. யார் முன்னால வந்தாங்கன்னு நான் பாக்கல" என்றாள். காலில் விழப் போனேன். "குனியாதீங்க, ஊசி இருக்கு" என்றாள்.

மாத்திரை பற்றிய உன் கேள்விகளுக்கு விரிவான பதிலைத் தனித் தபாலில் அனுப்பியிருந்தேன். வரவில்லையென்றால் தபால்துறையைக் கேள்.

அடுத்த மாதம் பெரிய ஏலம். ஒரு பழைய ஓட்டலின் சாமான் முழுவதும் வருகிறது. முதலாளி வீட்டுக்கே வந்து, "நீங்கதான் விடணும்" என்றார். மேடை காத்திருக்கிறது, மகளே!

மாமன்


ஜூலை 1

என் சிங்க மாமாவுக்கு,

கடையில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு கிழவர் இருமல் மருந்துக்காகக் காத்திருந்தார், அவரிடமே படித்துக் காட்டினேன். "உங்க மாமா நல்லா புளுகுவார் போல" என்றார். "இது புளுகு இல்லை தாத்தா" என்றேன்.

எத்தனை மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை தெரியுமா? இன்று இரண்டு தடவை சாப்பிட்டேன். அத்தைக்கு என் முத்தம். ஏலம் முடிந்த அன்றே எழுதுங்கள், ஒரு சாமான் விடாமல். எவ்வளவு வேண்டுமானாலும் புளுகுங்கள்.

வாண்டு


ஆகஸ்ட் 25

வாண்டுக்கு,

நலம். நீ நலமா? ஏலம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதத் தாமதம். மை தீர்ந்து, மைத் தொழிற்சாலை தீர்ந்து... சரி, விடு.

கூடம் நிரம்பியிருந்தது. மேடை ஏறினேன். கை தட்டினார்கள். முதல் பத்துச் சாமான்கள் பறந்தன. ஒரு ஓட்டை அண்டாவை, 'ஓர் ஏரியே ஓய்வெடுத்த பாத்திரம்' என்றேன். அடிதடி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். வாங்குகிறவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. ஒருவர் மூக்கைத் தொடுவார், ஒருவர் பேனாவைச் சாய்ப்பார், பெரிய வியாபாரிகள் கண்ணடிப்பார்கள். அதை மேடையில் இருப்பவன் பார்த்து விலையை ஏற்ற வேண்டும். மேடையில் இருப்பவன் மட்டும் யாருக்கும் எந்தச் சைகையும் காட்டக் கூடாது. காட்டினால் அவன் தன் ஆளைக் கூட்டத்தில் உட்கார வைத்து விலையை ஏற்றுகிறான் என்று அர்த்தம். ஏலக்காரனுக்கு அதைவிடக் கெட்ட பேர் கிடையாது.

நடுவில் பெரிய கண்ணாடி அலமாரி வந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. திடீரென்று மரச்சாமான் வியாபாரி எழுந்து நின்றார். இருபது வருஷப் பழக்கம். "யோவ், யாருக்குய்யா கண்ணடிக்கறே?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்கே கண்ணடிச்சேன்?" என்றேன். "பாரு, இப்பவும் அடிக்கறான்!" என்று இன்னொருவர் கத்தினார். பேசப் பேசச் சத்தம் பெரிதானது. நான் விளக்கம் சொல்லச் சொல்ல, கண்ணடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

டாக்டரிடம் போனேன். நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிவிட்டதாம். வாய்க்கு வர வேண்டியது கண்ணுக்கும் போகிறதாம். உதட்டைக் குவித்தால் இடது கண் தானாக மூடும். வீட்டில் நான் அதைக் கவனிக்கவில்லை. உன் அத்தை கவனித்திருக்கிறாள். ஆறு மாதம் கழித்துக் கிடைத்த சந்தோஷம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

முதலாளி கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். யார் கேட்பது? மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "எனக்குத் தெரியுது. அவங்களுக்கு எப்படிங்க புரிய வைக்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பொய்யான பதில் கூட இல்லை.

மாமா


செப்டம்பர் 3

மாமா,

இங்கே நரம்பு மருத்துவரிடம் கேட்டேன். முகத்துக்குப் பயிற்சி சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்களாம். இன்னொரு மருந்து இருக்கிறதாம், மூடுகிற தசையைக் கொஞ்சம் தளர்த்துமாம், சில மாதங்களுக்கு ஒரு முறை போட வேண்டுமாம். முழுதாகப் பழையபடி ஆகுமா என்றேன். அவர் பேனாவை மூடினார்.

லீவு கேட்டுப் பார்த்ததாக எழுதினேனே, அது பொய். எனக்கு லீவு எப்போதோ கிடைத்திருக்கும். கேட்கவே இல்லை. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். நீங்கள் வாசலில் நின்று ஒன்றுமே நடக்காதது போல ஏதாவது புளுகுவீர்கள், நான் அதை நம்புகிற மாதிரி நிற்க வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

அத்தை எழுதியதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். என் கடிதத்துக்காகத்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரே ஒரு முறை என்னைத் திட்டி எழுதுங்கள் மாமா. என்னால் இனி முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை புறப்பட்டு வருகிறேன்.

வாண்டு


செப்டம்பர் 9

அன்புள்ள வாண்டுக்கு,

நான் நலம். அத்தை நலம். நீ வருவது தெரிந்து உன் அறையைக் காலி செய்து கழுவியிருக்கிறாள். பழைய துணி மூட்டைகள் இப்போது என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன.

கூடத்துக்குப் போகிறேன். கணக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாமான்களில் எண் ஒட்டுகிறேன். அவர் ஏலம் விடுவதை இப்போது காது கூசாமல் கேட்க முடிகிறது. மரச்சாமான் வியாபாரி எதிரில் வந்தால் வேறு பக்கம் பார்க்கிறார். ஊசிக்கும் போகிறேன். "இதுக்கு மேல என்னால ஆகுமான்னு தெரியல" என்று ஊசியம்மா சொல்லிவிட்டாள். ஆனாலும் போகிறேன். மில் ஓடும்போது அங்கே படுத்திருந்தால் எதுவும் பேச வேண்டாம். நீ சொன்ன பயிற்சிக்காரரையும் பார்க்கலாம்.

திட்டச் சொல்கிறாய். எதற்குத் திட்டுவது? மாத்திரையை நான் இரண்டாம் நாளே சாப்பிட்டேன். எழுதியது எழுதியதுதான். அதை மாற்றி எழுத மாட்டேன். நீயும் இனிமேல் கேட்காதே.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், பார்த்துப் பதறாதே. கொஞ்ச நாளாக, சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணில் தண்ணீர் வருகிறது. எச்சிலுக்குப் போக வேண்டிய நரம்பு கண்ணுக்குப் போய்விட்டதாம். மென்று விழுங்கும்வரை வடியும். உன் அத்தை பக்கத்தில் ஒரு துணி வைத்துவிடுகிறாள்.

வெள்ளிக்கிழமை நீ வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். என் இடது கண் அழும், அதைக் கண்டுகொள்ளாதே, அது நரம்பு. வலது கண்ணிலும் வந்தால், நீ குனிந்து சாப்பிட்டுக்கொண்டிரு.

மாமா